எடை குறைந்தாயிற்று, இனி 42 கிலோமீட்டர்

தஞ்சாவூரிலிருந்து அய்யம்பேட்டை, பாபநாசம், தாராசுரம் வழியாகக் கும்பகோணம் போக ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மாரத்தான் அதற்கும் மேலே கொஞ்சம்: 42.195 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடவைத்த தூரம் அது. 1921-இல் அதையே உலகத்துக்கெல்லாம் பொது அளவாக்கினார்கள். பஸ்ஸில் உட்கார்ந்து போனாலே முதுகு பிடித்துக்கொள்ளும் தூரத்தை ஓடிக் கடக்கும் ஆசை பதினைந்து, இருபது கிலோ குறைத்தவர்களுக்கு அடிக்கடி வருகிறது. தராசு இறங்குவது நின்றுபோயிருக்கும், அடுத்து எதைத் துரத்துவது என்று தெரியாது, அதற்குள் 5 கிலோமீட்டர் நிற்காமல் ஓடவும் வந்திருக்கும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எடை குறைக்கக் கைகொடுத்த பழக்கங்கள் இரண்டு: குறைவாகச் சாப்பிடுவது, நேற்றைவிட இன்று கூடுதலாக உழைப்பது. மாரத்தான் பயிற்சியில் இரண்டுமே காலை வாரிவிடும். ஏன் என்று புரிந்துவிட்டால் மிச்சமெல்லாம் கணக்குதான்.

மூச்சு குறுவை, எலும்பு சம்பா

ஓட ஆரம்பித்த நாலைந்து வாரத்தில் மூச்சு தேறிவிடும். இதயம் ஒரு துடிப்பில் கூடுதல் ரத்தத்தைத் தள்ளப் பழகும், ரத்தத்தின் நீரளவு கூடும், அதே வேகம் எளிதாகத் தோன்றும். தசைக்கு இரண்டு மூன்று மாதம் வேண்டும். தசையை எலும்போடு கட்டும் நாண்களும் எலும்பும் இன்னும் மெதுவாகத்தான் தடிக்கும். அவற்றுக்கு ரத்த ஓட்டமோ வளர்சிதை வேகமோ தசை அளவுக்கு இல்லை. ஒன்று குறுகியகாலக் குறுவை நெல், இன்னொன்று நீண்டகாலச் சம்பா. குறுவை முற்றிவிட்டது என்று சம்பா வயலிலும் அரிவாளை வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் மூன்றாவது மாதத்தில் முழங்காலில் ஆகிறது.

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டிலிருந்து மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. முதல்முறை ஓடுபவருக்கு 42 கிலோமீட்டர் என்பது ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள். 92 கிலோவிலிருந்து 72-க்கு வந்தவருக்கு ஒவ்வொரு அடியிலும் 40 முதல் 60 கிலோ சுமை குறைந்திருக்கிறது. அது நல்ல சேதி. கெட்ட சேதியும் உண்டு. வேகமாக எடை குறையும்போது கொழுப்போடு தசையும் போகிறது, எலும்பின் அடர்த்தியும் கொஞ்சம் குறைகிறது. உடற்பயிற்சி இல்லாமல் சாப்பாட்டை மட்டும் சுருக்கிக் குறைத்தவர்களுக்கு இந்த இழப்பு அதிகம். ஆகவே முதல் வேலை ஓட்டமே இல்லை; கால்களுக்குப் பலம் சேர்ப்பது. வாரம் இரண்டு நாள், இருபது நிமிடம் போதும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 12 தடவை, வாசற்படியில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்கி இறக்குவது 15, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது 15, ஒற்றைக் காலில் படியேறி இறங்குவது பக்கத்துக்கு 10. இதை மூன்று சுற்று. சலிப்பான வேலைதான். மாரத்தானுக்குப் பணம் கட்டிவிட்டு வலியோடு வீட்டில் உட்காருவது அதைவிடச் சலிப்பு.

ஓடுவதற்கு முன் ஒருமுறை மருத்துவரைப் பாருங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இருந்தவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். எடை குறைந்த பிறகும் பழைய அளவிலேயே மாத்திரை போட்டுக்கொண்டிருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். கிளிமிபிரைடு, கிளிகிளசைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு 15 கிலோமீட்டர் ஓடினால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும். பிரஷர் மாத்திரை அளவு கூடுதலாக இருந்தால் ஓடி நின்றவுடன் கண் இருட்டும். மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். ஓடப்போவதைச் சொல்லி அளவை மாற்றி வாங்குங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்துக் கையிருப்பு), பி12, வைட்டமின் டி பரிசோதனைகளையும் அப்போதே செய்துகொள்ளலாம். வயிற்றைச் சுருக்கும் அறுவை செய்தவர்களும் எடை குறைக்கச் செமகுளுடைடு, டிர்செபடைடு ஊசி போடுபவர்களும் ஓட்டத்தின்போது என்ன சாப்பிடுவது என்று தனியாகக் கேட்க வேண்டும். முதல் வகையினருக்கு இனிப்புத் திரவம் சட்டென்று குடலுக்குள் இறங்கிப் படபடப்பும் வயிற்றுப்போக்கும் வரலாம். இரண்டாம் வகையினருக்கு இரைப்பை மெதுவாகக் காலியாகும், பசியே தெரியாது.

எத்தனை வாரம்?

ஏழு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். மேட்டூர் அணை திறப்பதற்கு வழக்கமான நாளான ஜூன் 12-ஐ ஒட்டி ஆரம்பித்தால் 29 வாரத்தில் ஜனவரி பிறந்துவிடும். சென்னை, மும்பை மாரத்தான்கள் ஜனவரியில், ஆரோவில் மாரத்தான் பிப்ரவரியில். ஆரோவிலில் பரிசு கிடையாது, நேரம் குறிப்பதும் கிடையாது, செம்மண் பாதை. முதல்முறை ஓடுபவருக்கு மனசுக்கு இதமான இடம். எதில் சேர்வதாக இருந்தாலும் எத்தனை மணி நேரத்துக்குள் முடிக்கச் சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 5 மணி நேரத்தில் முடிக்கக் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 7 விநாடி, ஐந்தரை மணிக்கு 7:49, ஆறு மணிக்கு 8:32.

முதல் பத்து வாரம் அடித்தளம். வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். ஐந்து நிமிடம் வேக நடை, பிறகு 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, எட்டுத் தடவை. அடுத்தடுத்த வாரங்களில் 2-க்கு 2, 3-க்கு 1, 5-க்கு 1 என்று மாற்றிக்கொண்டே போய், பத்தாவது வாரத்தில் நடை கலந்தாவது 10 கிலோமீட்டரை வலியில்லாமல் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள். ஏற்கெனவே 5 கிலோமீட்டர் ஓடுபவர்களுக்கு இது அவமானமாகத் தோன்றும். இருக்கட்டும், மூச்சுக்காக வைத்த பத்து வாரமல்ல இது.

அடுத்த 19 வாரம் வாரத்துக்கு நான்கு நாள் ஓட்டம். செவ்வாய் 5 முதல் 8 கிலோமீட்டர், வியாழன் 6 முதல் 10, சனி 5, ஞாயிறு நீண்ட ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை தூரம் இப்படி ஏறும்: 12, 14, 16, 11, பிறகு 17, 19, 21, 14, பிறகு 22, 24, 26, 18, பிறகு 27, 29, 20, 30. அதன்பின் 20, 12, போட்டி. இடையிடையே தூரம் இறங்குவதைக் கவனியுங்கள். உடம்பு பலப்படுவது ஓடும்போது இல்லை, அந்த இறக்க வாரங்களில்தான். "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று 14-ஐ 24 ஆக்குகிறவர்கள் அடுத்த மாதம் எலும்பு மருத்துவரிடம் வரிசையில் இருப்பார்கள்.

இன்னொரு வரம்பும் உண்டு: 30 கிலோமீட்டர் அல்லது மூன்றரை மணி நேரம், எது முதலில் வருகிறதோ அங்கே நிறுத்திவிடுங்கள். கிலோமீட்டருக்கு 8 நிமிடம் எடுப்பவருக்கு அது 26-லேயே வந்துவிடும், கவலை வேண்டாம். அதற்கு மேல் ஓடினால் கிடைக்கும் பயன் குறைவு, அதிலிருந்து மீள ஆகும் நாட்கள் அதிகம்.

வேகம் பற்றி ஒரே விதி. ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம், நேற்று வீட்டில் என்ன குழம்பு, யார் வைத்தது, உப்பு கூடவா குறையவா என்று முழு வாக்கியமாகச் சொல்ல முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுத்தால் அது வேகம். மெதுவாக ஓடும்போதுதான் உடம்பு கொழுப்பை அதிகமாக எரிக்கப் பழகும், தசையில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகும். வாரத்தில் ஓடும் தூரத்தில் ஐந்தில் நான்கு பங்கு இப்படித்தான் இருக்க வேண்டும். முதல் மாரத்தானுக்கு மிச்ச ஒரு பங்கைக்கூட வேகமாக ஓடியாக வேண்டும் என்றில்லை. நான்கு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடப்பதும் முறையான உத்திதான்; சோர்ந்த பிறகு நடக்காமல், முதல் கிலோமீட்டரிலிருந்தே நடந்தால்தான் அது பலிக்கும்.

சோற்றுக் கணக்கு

எடை குறைத்தவர் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஓடுவதற்கு ஆகும் செலவு கிலோ எடைக்கு, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி. 70 கிலோ உள்ளவருக்கு மாரத்தான் முழுவதும் 2,950 கலோரி வரை. உடம்பு கையிருப்பாக வைத்திருக்கும் மாவுச்சத்துக்குக் கிளைகோஜன் என்று பெயர். தசைகளில் சுமார் 400 கிராமும் கல்லீரலில் சுமார் 100 கிராமும். மொத்தம் 2,000 கலோரிக்கு மேல் தேறாது. கொழுப்பு எவ்வளவு ஒல்லியானவரிடமும் ஏராளமாக இருக்கிறது, ஆனால் மெதுவாகத்தான் எரியும். ஆகவே 30, 32-ஆவது கிலோமீட்டரில் கிளைகோஜன் தீர்ந்து, மதகை அடைத்த வாய்க்கால்போல் கால் அப்படியே நின்றுவிடும். மனபலம் குறைவு என்று அதற்குப் பெயர் வைப்பவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள், அது இருப்புக் கணக்கு.

மாவுச்சத்தை ஒதுக்கும் பேலியோவில் குறைத்தவரும், பதினாறு மணி நேரம் பட்டினி கிடந்து குறைத்தவரும் இந்தக் கிளைகோஜன் பானையைப் பாதி நிரப்பித்தான் வைத்திருப்பார்கள். அதோடு ஞாயிறு 24 கிலோமீட்டர் ஓடினால், போட்டி நாளில் வர வேண்டிய தடுமாற்றம் பயிற்சியிலேயே வாராவாரம் வரும். இன்னும் ஐந்து கிலோ குறைக்க ஆசையா, முதல் பத்து வாரத்துக்குள் வாரம் கால் கிலோ வீதம் முடிந்த அளவு குறையுங்கள். அதன்பின் 19 வாரமும் எடை ஒரு கிலோ முன்னே பின்னே நிற்க வேண்டும், இறங்கக்கூடாது. குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டே ஓடுவதன் அடையாளங்கள் இவை: காலை எழுந்தவுடன் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட ஏழெட்டுக் கூடுதலாக இருப்பது, தூக்கம் கெடுவது, ஓயாத சளி, எதற்கெடுத்தாலும் எரிச்சல். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதும் நிற்பதும் அவசர எச்சரிக்கை. அடுத்து உடைவது எலும்பு.

நீண்ட ஓட்டத்துக்கு முந்தின இரவு சோறு, இடியாப்பம், சேமியா என்று தாராளமாக. காலையில் கிளம்ப ஒரு மணி நேரம் முன் இரண்டு மூன்று இட்லி, அல்லது இரண்டு வாழைப்பழம்; கொழுப்பும் காரமும் நாரும் வேண்டாம். கும்பகோணம் டிகிரி காப்பி ஒரு டம்ளர் குடிக்கலாம். காஃபீன் உண்மையிலேயே உதவும், வயிற்றையும் சுத்தப்படுத்திவிடும். ஓடிவந்த அரை மணிக்குள் சோறும் பருப்பும், அல்லது இரண்டு முட்டையோடு பழைய சோறும் மோரும். புரதம் நாளைக்குக் கிலோ எடைக்கு 1.4 முதல் 1.6 கிராம், 70 கிலோவுக்குச் சுமார் 100 கிராம். சாம்பாரில் மிதக்கும் பருப்பு மட்டும் இதற்குக் காணாது.

ஒன்றேகால் மணி நேரத்தைத் தாண்டும் எந்த ஓட்டத்திலும் நடுவே சாப்பிட வேண்டும், மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. கடையில் விற்கும் ஜெல் ஒன்றில் 20, 25 கிராம் இருக்கும். நம் ஊரில் அதைவிட மலிவாக ஒன்று இருக்கிறது: ஸ்ரீராமநவமிப் பானகம். ஒரு லிட்டர் தண்ணீர், 60 கிராம் வெல்லம், கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சை, சிட்டிகை சுக்கு, நன்றாக வடிகட்டி. இது ஏறக்குறைய 6 சதவீதக் கரைசல். விளையாட்டு பானங்களின் அளவும் அதுதான். வெல்லம் கூடினால் வயிறு கலங்கும். எதையும் பயிற்சியில் பழகிவிட்டுத்தான் போட்டியில் குடிக்க வேண்டும். குடலும் தசையைப்போலப் பழக்கத்தில் தேறுவது.

வியர்வை, மழை, காயும் நெல்

டெல்டாவில் சவால் மேடு பள்ளம் இல்லை, ஈரக்காற்று. வியர்வை சுரப்பதால் உடம்பு குளிர்வதில்லை, ஆவியாவதால்தான் குளிர்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அது சொட்டி வீணாகும். விடிகாலையில் வெப்பம் குறைவு, ஈரம் உச்சம். ஆகவே ஜூன், ஜூலையில் கிலோமீட்டருக்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை மெதுவாகப் போவது இயல்பு. உடம்பு சூட்டுக்குப் பழகப் பத்திலிருந்து பதினான்கு நாள் ஆகும். நாலே முக்காலுக்குக் கிளம்பி, ஏழுக்குள் முடித்துவிடுங்கள்.

எவ்வளவு குடிப்பது என்பதை உங்கள் தராசே சொல்லும். எடை பார்க்கும் பழக்கம் இருக்கவே இருக்கிறது. ஓடுவதற்கு முன்னும் பின்னும் துணியில்லாமல் நின்று பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால், நடுவில் குடித்ததையும் கூட்டிக்கொண்டு, அத்தனை லிட்டர் வியர்வை. 70 கிலோவில் ஒன்றரைக் கிலோவரை குறையலாம். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் அதுதான் ஆபத்து: வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போயிருக்கிறது. தலைவலி, குமட்டல், குழப்பம் என்று தொடங்கி வலிப்பு வரை போகும். மெதுவாக ஓடி, ஒவ்வொரு பந்தலிலும் நின்று குடிப்பவர்களுக்கே இது அதிகம் வருகிறது.

எங்கே ஓடுவது? திருவாரூர் கமலாலயம், கும்பகோணம் மகாமகக் குளம் போன்ற குளக்கரைகள் நீண்ட ஓட்டத்துக்கு வசதி. ஒரு சுற்று எவ்வளவு என்று போனில் அளந்துகொண்டு பாட்டிலை ஓரிடத்தில் வைத்துவிடலாம், முடியாமல் போனால் வீடு பக்கம். ஒரே திசையில் சுற்றினால் ஒரு பக்கத்து இடுப்பும் முழங்காலும் பிடித்துக்கொள்ளும். பாதியில் திசை மாற்றுங்கள். ஆற்றங்கரை மண்பாதை காலுக்கு மென்மை, ஆனால் இருட்டில் பாம்பு இருக்கும், டார்ச் வேண்டும். தார்ரோட்டில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்கம் ஓடுங்கள். குறுவை அறுவடையில் ரோட்டின் ஒரு பாதியில் நெல் காயும், ஓரத்தில் கல் அடுக்கியிருப்பார்கள். நெல்லின்மேல் கால் வைத்தால் வழுக்கும், உரியவர் சத்தம் போடுவதும் நியாயம்தான்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர்வரை, நீங்கள் 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் வாரங்களின் மேலேயே வந்து விழும். தூறலில் ஓடலாம். இடியிலும், தேங்கிய தண்ணீருக்குள்ளும் வேண்டாம்; பள்ளம் தெரியாது, எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. ஞாயிறு தவறினால் திங்களோ செவ்வாயோ ஓடுங்கள், அடுத்த வாரத்தில் இரண்டு நீண்ட ஓட்டத்தைத் திணிக்காதீர்கள். ஷூ இரண்டு ஜோடி இருந்தால் ஒன்று காயும். நனைந்ததற்குள் செய்தித்தாளைச் சுருட்டி வையுங்கள், வெயிலில் போட்டால் பசை விடும். நடவு வயலில் வரும் அதே சேற்றுப்புண் ஈரச் சாக்ஸிலும் வரும். விரலிடுக்கைத் துடைத்துக் காயவிடுங்கள்.

ஷூ வாங்க மாலையில் போங்கள், கால் சற்று வீங்கியிருக்கும் நேரம். பெருவிரலுக்கு முன்னே கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். எடை குறைந்ததில் பாதமும் ஒடுங்கியிருக்கலாம், பழைய அளவை நம்பாதீர்கள். 500 முதல் 800 கிலோமீட்டரில் ஷூ தேய்ந்துவிடும். பருத்திப் பனியன் வியர்வையைக் குடித்து உப்புத்தாளாக மாறும். தொளதொளத்த தோல் மடிப்புகள் உள்ளவர்களுக்கு அது தோலையே உரித்துவிடும். உடம்பை ஒட்டிய பாலியஸ்டர் உள்ளுடை, துடையிடுக்கிலும் அக்குளிலும் அடிவயிற்று மடிப்பிலும் வாசலின், ஆண்களுக்கு மார்க்காம்பில் மைக்ரோபோர் டேப்.

எந்த வலியோடு ஓடலாம்? இரண்டு கெண்டைக்காலும் சமமாக வலித்து, ஓட ஓடக் குறைந்தால் ஓடலாம். ஒரு காலில் மட்டும் வலித்து, ஓட ஓடக் கூடினால் நிறுத்துங்கள். கணைக்கால் முன்னெலும்பில் நீளவாக்கில் பரவலான வலி அதிகச் சுமையின் அடையாளம். தூரத்தைப் பாதியாக்கினால் பெரும்பாலும் அடங்கும். ஒரு விரல் நுனியால் தொட்டுக்காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலி, ஒற்றைக் காலில் குதித்தால் சுரீர் என்பது, இரவில் படுத்தாலும் வலிப்பது என்றால் எலும்பில் விரிசல் இருக்கலாம். முதல் இரண்டு வாரத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகாலில் குத்தினால் உள்ளங்கால் சவ்வு. வெறுங்காலோடு வீட்டுக்குள் நடப்பதை நிறுத்திவிட்டு, கெண்டைக்கால் பயிற்சியை விடாமல் செய்யுங்கள். வலிமாத்திரை போட்டுக்கொண்டு ஓடவே கூடாது. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் இரண்டும் நீர் வற்றிய நிலையில் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கடைசி மூன்று வாரமும் போட்டியும்

தூரம் குறையும், கால் துறுதுறுக்கும், எங்கெங்கோ புதுப்புது வலி வருவதுபோல் இருக்கும். சும்மா இருங்கள். கடைசி இரண்டு மூன்று நாள் கிலோ எடைக்கு 7, 8 கிராம் மாவுச்சத்து: சோறு, இட்லி, இடியாப்பம் கூட்டி, கீரையும் பொரியலும் எண்ணெயும் குறைத்து. அப்போது தராசு ஒன்றரை, இரண்டு கிலோ ஏறும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கும். பானை நிரம்பியதன் அடையாளம் அது. பல மாதம் அந்த முள்ளைப் பார்த்து வாழ்ந்தவர்கள் இங்கே பதறி இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிடுகிறார்கள். அந்த வாரம் தராசைப் பரண்மேல் போட்டுவிடுவது நல்லது.

போட்டியில் முதல் 10 கிலோமீட்டர், திட்டமிட்டதைவிடக் கிலோமீட்டருக்குப் பத்து விநாடி மெதுவாக. எல்லோரும் தாண்டிப் போவார்கள், போகட்டும். முதல் அரை மணியிலிருந்தே சாப்பிட ஆரம்பியுங்கள், பசிக்கும்வரை காத்திருந்தால் நேரம் கடந்துவிடும். 30-க்கு மேல் ஓட்டத்தையும் நடையையும் 2-க்கு 1 என்று மாற்றினாலும் தவறில்லை. நெஞ்சு அழுத்தம், தலைசுற்றல், வியர்வை நின்று தோல் சுடுவது, பேச்சுக் குழறல், இதில் எது வந்தாலும் அங்கேயே நின்று உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

முடித்தவுடன் உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள், உப்புப் போட்ட மோர் குடியுங்கள். மறுநாள் படி இறங்கும்போது தொடை முன்சதை கெஞ்சும். எடையும் மறுபடி ஒரு கிலோ கூடியிருக்கலாம், காயப்பட்ட தசை நீர் கோத்திருப்பதால். முதல் வாரம் நடை மட்டும். எட்டாம் நாளோ பத்தாம் நாளோ வலி முற்றும் போன பிறகு, இருபது நிமிடம், பேசிக்கொண்டே.